மரை சேர்ந்தால் போதுமா? ஹீட் சென்சார் விற்போர் அறிய வேண்டியவை

உதிரிபாகக் கடைகளில் நெடுங்காலமாக இருந்து வரும் பழக்கம் ஒன்று உண்டு. மெக்கானிக் வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகத்தைக் கையிலேயே கொண்டு வருவார். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்து, அதே தோற்றமுள்ள ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்து, மரையோடு மரை ஒட்டிப் பார்ப்பார். பல் பல்லில் உட்கார்ந்தால் "இதுதான், கொண்டு போங்க" என்று கொடுத்துவிடுவார். போல்ட், நட், யூனியன், ஆயில் பிளக் போன்ற சரக்குகளுக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாரை இப்படி விற்றால் நஷ்டம் வரும். முதலில் வண்டிக்காரருக்கு வரும், பிறகு மெக்கானிக்குக்கு, அங்கிருந்து சில்லறைக் கடைக்கும் மொத்தக் கடைக்கும் வந்து சேரும்.

ஒரே பெயருள்ள காரின் பழைய மாடல் சென்சாரைப் புதிய மாடலுக்கோ, புதியதைப் பழையதற்கோ போடலாமா என்ற கேள்வி நம் கடைக்கு வாரம் தவறாமல் வருகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் இக்கேள்வி அதிகம் எழுவதற்குக் காரணம் உண்டு. இது மானாவாரிப் பூமி. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டி மாற்றுகிற வசதி இங்கே பலருக்கு இல்லை. 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆகவே கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி வேன், அதற்குப் பின் வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டி, நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டி எல்லாம் ஒரே பட்டறை வாசலில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கடையிலிருந்துதான் சாமான் போக வேண்டும்.

மளிகை, ஜவுளி, பூ, கரி வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் இது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். சரக்கு ஏற்றும் வேன் உங்களிடமும் இருக்கிறது.

சென்சார் யாருக்குச் சேதி சொல்கிறது?

ஹீட் சென்சார் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் நம் அலமாரியில் இருக்கின்றன. மூன்றும் தண்ணீர் ஓடும் இடத்தில் திருகப்படுபவை. பார்வைக்குப் பித்தளைக் குமிழும் மேலே பிளாஸ்டிக் தலையுமாக அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். அவை சேதி சொல்லும் இடம் மட்டும் வேறு.

முதலாவது, டேஷ்போர்டில் உள்ள ஊசிக்குச் சேதி சொல்வது. மெக்கானிக்குகள் இதை ஹீட் யூனிட் என்பார்கள். பெரும்பாலும் ஒற்றை வயர்தான். இன்னொரு முனை அதன் பித்தளை உடம்பே. எஞ்சினைத் தொட்டுக்கொண்டு எர்த் ஆகிவிடும். இரண்டாவது, ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச். இது அளப்பதில்லை. குறித்த சூடு வந்தால் இணைக்கும், தணிந்தால் பிரிக்கும். பல ஸ்விட்சுகளின் உடம்பிலேயே எத்தனை டிகிரியில் இணைக்கும், எத்தனையில் பிரிக்கும் என்று பொறித்திருப்பார்கள். அதை ஒரு முறையாவது படித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தர வேண்டும் என்று கணக்குப் போடும் ஈ.சி.எம். பெட்டிக்குச் சேதி சொல்லும் சென்சார் இது. பெரும்பாலும் இரண்டு வயர். அந்தப் பெட்டி தன்னுள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுத்து, சென்சாரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்துச் சூட்டைத் தெரிந்துகொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலைக் கூட்டும், சூடேறினால் குறைக்கும். ஐடிலிங், ஸ்பார்க் விழும் நேரம், பல வண்டிகளில் ஃபேன் ஓடுவது எல்லாமே இந்த ஒரு சேதியை நம்பித்தான்.

இவற்றில் ஊசிக்குரியதும் பெட்டிக்குரியதும் ஒரே தத்துவத்தில் வேலை செய்பவை. உள்ளே இருக்கும் சிறு வில்லை சூடு ஏற ஏற மின்தடையைக் குறைத்துக்கொண்டே போகும். தத்துவம் ஒன்றுதானே, மாற்றிப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அளவு ஒன்றல்ல. பெட்டிக்குச் சேதி சொல்லும் சென்சார்களில் பரவலாகப் புழங்கும் வகை 20 டிகிரி சூட்டில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் 300 ஓம் சுமாருக்கு இறங்கும். 100 டிகிரியில் 180 ஓம் சுமார். ஊசிக்குரிய பழைய ஜப்பானிய வகை யூனிட்டுகள் பலவோ 80 டிகிரியிலேயே 50 ஓம் அளவுக்கு வந்துவிடும். 100 டிகிரியில் 30 ஓமுக்கும் கீழே. ஒன்று படி என்றால் மற்றொன்று ஆழாக்கு. இரண்டும் அளக்கும் பாத்திரம்தான் என்பதற்காக ஒன்றின் கணக்கை மற்றொன்றில் எழுத முடியுமா?

திருச்சுழிப் பக்கத்து ஆம்னி

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சுழிப் பக்கம் சிறிய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் முகம் வாடி நம் கடைக்கு வந்தார். அவரிடம் சாமான் வாங்கிய பட்டறைக்காரர் பழைய கார்புரேட்டர் ஆம்னி ஒன்றுக்கு ஹீட் யூனிட் கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கையிருப்பில் இருந்தது பின்னால் வந்த மாடலுக்குரிய இரண்டு பின் சென்சார். மரையைச் சுற்றிப் பார்த்தார்கள், சேர்ந்துவிட்டது. ஆம்னியில் ஒற்றை வயர்தானே? பட்டறைக்காரர் ஒரு பின்னில் அந்த வயரைச் சொருகி, மற்றப் பின்னிலிருந்து ஒரு துண்டு வயரை இழுத்து எஞ்சின் போல்ட்டில் எர்த் கொடுத்துவிட்டார். ஊசி அசைந்தது. வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்.

அந்த வேன் விடியற்காலையில் மல்லிகைப் பூ ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிற வேன். ஓட்டுகிறவருக்கு ரொம்பச் சந்தோஷம். "முன்னெல்லாம் ஊசி பாதிக்கு வரும்ண்ணே, புது சென்சார் போட்டதிலிருந்து கால்வாசிகூட ஏறலை, வண்டி குளுகுளுன்னு ஓடுது" என்று பட்டறையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனாராம். நாம் மேலே கொடுத்த கணக்கை வைத்துப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில் இருக்கும்போது இந்தச் சென்சார் 180 ஓம் காட்டும். அந்த ஆம்னியின் அசல் யூனிட் 180 ஓம் காட்டுவது ஏறத்தாழ 50 டிகிரியில், அதாவது எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது. ஆகவே தண்ணீர் கொதித்தாலும் ஊசி கீழேயே படுத்துக் கிடக்கும்.

ஒரு நாள் ஹோஸ் ஒன்றில் கசிவு ஏற்பட்டுத் தண்ணீர் குறைந்திருக்கிறது. அசல் யூனிட் இருந்திருந்தால் ஊசி சிவப்பை நோக்கி ஏறியிருக்கும். ஓட்டுகிறவர் ஓரங்கட்டி நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிப் போயிருப்பார். ஊசி ஏறவில்லை. காரியாபட்டியைத் தாண்டி வண்டி இழுக்காமல் நின்றபோது ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. பூ வாடிவிட்டது. வேறு வண்டி பிடித்துக் கொண்டு சேர்ப்பதற்குள் மார்க்கெட் முடிந்துவிட்டது.

நஷ்டம் யாருடையது? வண்டிக்காரர் பட்டறையைப் பிடித்தார். பட்டறைக்காரர், "கடையில் இதுதான் என்று கொடுத்தார்கள், நான் போட்டேன்" என்றார். கடைக்காரத் தம்பி, "மரை சேர்ந்ததே" என்றார். பெரியவர்கள் சிலர் உட்கார்ந்து பேசியதில் கடையும் பட்டறையும் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. சில நூறு ரூபாய் சாமானுக்காகப் பல ஆயிரம் கைவிட்டுப் போனது மட்டுமல்ல, அந்த வேன் ஸ்டாண்டில் இருந்த ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அடுத்த ஆறு மாதம் அருப்புக்கோட்டைக்கே வந்து சாமான் வாங்கினார்கள். நமக்கு அதனால் வியாபாரம் கூடியது உண்மைதான். ஆனால் சில்லறைக் கடை படுத்துவிட்டால் மொத்தக் கடையின் பாக்கி எங்கிருந்து வசூலாகும்?

கோளாறான சென்சாரும் தவறான சென்சாரும்

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். சென்சார் முற்றிலும் செத்துப்போனால், அல்லது வயர் அறுந்துபோனால், எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் பெட்டி அதைக் கண்டுபிடித்துவிடும். இப்படி ஒரு சூடு உலகத்திலேயே இருக்க முடியாது என்று அதற்குத் தெரியும். உடனே டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கைப் போட்டுவிட்டு, தானாக ஒரு சராசரிச் சூட்டை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும். பல வண்டிகளில் பாதுகாப்புக்காக ஃபேனையும் நிறுத்தாமல் ஓடவிடும். வண்டிக்காரர் பட்டறைக்குப் போவார். காரியம் சுமுகமாக முடியும்.

தவறான சென்சார் போட்டால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்வதில்லை. அது கொடுக்கும் சேதி பொய்யாக இருந்தாலும் நம்பத்தக்க பொய்யாக இருக்கிறது. உண்மையில் 90 டிகிரி இருக்கும்போது 60 என்று சொன்னால், 60 டிகிரியும் இருக்கக்கூடிய சூடுதானே என்று பெட்டி ஏற்றுக்கொள்ளும். விளக்கு எரியாது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். மைலேஜ் குறையும், சைலன்சரில் கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும். ஃபேனும் அந்தப் பெட்டியின் பொறுப்பில் இருந்தால் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாது.

எதிர்ப்பக்கமாகவும் தவறு நடக்கிறது. பெட்டிக்குரிய இடத்தில் ஊசிக்குரிய குறைந்த ஓம் யூனிட்டைப் போட்டுவிட்டால், காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை நன்றாகச் சூடேறியதாகப் பெட்டி நினைக்கும். ஸ்டார்ட் ஆகப் பெட்ரோல் போதாது. பேட்டரி இறங்கும்வரை கிராங்க் செய்வார்கள். பிறகு பேட்டரி மாற்றுவார்கள், பிளக் மாற்றுவார்கள், பெட்ரோல் பம்ப்பைக் கழற்றுவார்கள். கடைசிவரை சென்சார் ஞாபகத்துக்கு வராது, ஏனென்றால் அதுதான் புதிதாகப் போட்டதாயிற்றே.

முகத்தைப் பார்த்துச் சாமான் கொடுத்தல்

"மாருதி 800-க்கு ஒரு சென்சார்" என்று கேட்டால் எந்த 800 என்று திருப்பிக் கேட்க வேண்டும். மாருதி 800 முதலில் வந்தது 1983 டிசம்பரில். 1986-இல் உடம்பு மாறியது. 1997-இல் முகம் மாறி உருண்டையான முகப்பு வந்தது. ஆனால் அந்த வண்டியிலும் எஞ்சின் கார்புரேட்டர்தான். 2000-ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் வந்தது, முகம் அப்படியே இருந்தது. அதாவது முகம் மாறியபோது எஞ்சின் மாறவில்லை, எஞ்சின் மாறியபோது முகம் மாறவில்லை. எம்.பி.எஃப்.ஐ.யிலேயே 6 வால்வு, 12 வால்வு என்று இரண்டு வகை இருந்தது. 2014 ஜனவரியில் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்றும் நம் ஊர்த் தெருக்களில் ஓடும் 800-களில் எது எந்தக் காலத்தது என்று பானட்டைத் திறந்து பார்க்காமல் சொல்லத் துணிகிறவர் நம்மைவிட அனுபவசாலியாகத்தான் இருக்க வேண்டும்.

அம்பாசடர் கதையும் அப்படியே. 1957-இலிருந்து 2014 வரை கிட்டத்தட்ட ஒரே தோற்றம். உள்ளே மட்டும் பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு எஞ்சின், டீசல் எஞ்சின், 1992-இல் வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் என்று மாறி மாறி வந்தது. போதாக்குறைக்கு நம் பக்கத்தில் எஞ்சினையே மாற்றி வைத்த அம்பாசடர்கள் உண்டு. பழைய பிரிட்டிஷ் எஞ்சினுக்கு அங்குலக் கணக்கு மரை என்பதால் அங்கே மரையே சேராது. அது ஒரு வகையில் நல்லது. மரை சேராத இடத்தில் யாரும் தவறு செய்ய முடியாது.

இப்போது வரும் சிறு கார்கள் பலவற்றில் ஹீட் ஊசியே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிஞ்சிச் சூடேறினால் சிவப்பு விளக்கு. பெட்டிக்குப் போகும் சேதியையே பெட்டி மீட்டருக்கும் அனுப்பிவிடுவதால் ஒரே சென்சார்தான். இன்னும் சில வண்டிகளில் ஒரே குமிழுக்குள் இரண்டு வில்லைகளை வைத்து, ஒன்று ஊசிக்கு, ஒன்று பெட்டிக்கு என்று மூன்று அல்லது நான்கு பின்னோடு வரும். கப்ளர் வடிவம் ஒன்றாக இருந்தாலும் பின்னின் முறை மாறியிருக்கலாம். 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்று விதி மாறியபோதெல்லாம் ஒரே பெயருள்ள வண்டிகளில் சென்சார்கள் மாறியிருக்கின்றன. ஆகவே ஆண்டை மட்டுமல்ல, மாதத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆர்.சி.யில் தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். சேஸிஸ் நம்பர் கிடைத்தால் கம்பெனியின் பாகப் புத்தகத்தில் பார்த்துவிடலாம். இன்று செல்போனில் ஆர்.சி.யைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வது ஒரு நிமிட வேலை.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். வண்டி தயாரித்த கம்பெனியே ஒரு பாகத்தைத் திருத்தி, பழைய நம்பரை நிறுத்தி, அதற்குப் பதில் இந்தப் புது நம்பரைப் போடலாம் என்று தன் புத்தகத்தில் அறிவிப்பது உண்டு. அப்போது புதியதைப் பழையதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சலுகை பல நேரம் ஒரு வழிப் பாதைதான். புதியது பழையதற்குப் பொருந்தும் என்றால் பழையது புதியதற்கும் பொருந்தும் என்று ஆகாது. விற்பனைப் பிரதிநிதி வாயால் சொல்லும் "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்பதற்கும் கம்பெனி அச்சில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததல்ல.

நம் ஊர்த் தண்ணீர்

சென்சார் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது சென்சாரே அல்ல. திருச்சுழி வட்டாரத்துப் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வீட்டுப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே உப்பு அங்கேயும் படியும். ரேடியேட்டரின் சிறு குழாய்கள் அடைபடும். சென்சாரின் முனையிலும் வெள்ளையாகப் படிந்து, தண்ணீரின் சூடு வில்லைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். புது சென்சார் போட்ட கொஞ்ச நாளிலேயே அதுவும் பூத்துவிடும். வடிதண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றச் சொல்லிக் கடையில் எழுதிப் போடலாம். நாம் போட்டிருக்கிறோம், படிப்பவர் பத்துக்கு மூன்று பேர் இருந்தால் அதிகம்.

தண்ணீர் குறைந்தாலோ உள்ளே காற்று அடைத்துக்கொண்டாலோ சென்சாரின் முனை தண்ணீரில் நனையாமல் காற்றில் நிற்கும். அப்போது நல்ல சென்சாரும் தவறாகத்தான் சொல்லும். ஊசி மேலும் கீழும் குதிக்கிறது என்று வருகிறவரிடம் முதலில் தண்ணீர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு திறந்தால் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று தெர்மோஸ்டாட். வெயில் ஊர் என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் அதன் கெடுதல் உடனே கண்ணுக்குத் தெரியவில்லை. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடுவதால் பெட்டி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். "சென்சார் மாத்தியும் மைலேஜ் வரலை" என்று சாமானைத் திருப்பிக் கொண்டு வருகிறவரிடம் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்காமல் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம்.

பழைய வண்டிகள் பலவற்றில் மீட்டருக்குப் பின்னால் சிறிய வோல்டேஜ் கட்டுப்படுத்தும் சாதனம் ஒன்று இருக்கும். பெட்ரோல் ஊசிக்கும் ஹீட் ஊசிக்கும் அதுவே கரண்ட் தருகிறது. இரண்டு ஊசியும் ஒரே சமயத்தில் தப்பாகக் காட்டினால் யூனிட்டில் குற்றமில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சோதனை

சென்சாரைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. சாதாரண மல்டிமீட்டர், ஒரு வெப்பமானி, டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் போதும். பழைய சென்சாரையும் புதியதையும் சேர்த்து, முனை மட்டும் நனையும்படி வெந்நீரில் பிடித்து, இரண்டின் ஓம் அளவையும் பாருங்கள். ஒற்றைப் பின் என்றால் மீட்டரின் ஒரு முனை பின்னில், மறுமுனை பித்தளை உடம்பில். இரண்டு அளவும் நெருக்கமாக இருந்து, தண்ணீர் ஆற ஆற இரண்டும் சேர்ந்து ஏறினால் ஒரே வகை என்று கொள்ளலாம். 50-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் என்றால் மரை எவ்வளவு அழகாகச் சேர்ந்தாலும் கொடுக்கக் கூடாது. பழையது முற்றிலும் செத்திருந்தால் இந்த ஒப்பீடு நடக்காது. அப்போது பாக நம்பர்தான் வழி.

குறிப்புப் புத்தகத்தில் 20 டிகிரிக்கு 2,500 ஓம் என்று இருக்கும். சித்திரை மதியத்தில் நம் கடைக்குள்ளேயே 38 டிகிரி இருக்கும்போது அதே நல்ல சென்சார் 1,300 ஓம் அளவுதான் காட்டும். அளவு பாதியாக இருக்கிறதே, டூப்ளிகேட் என்று கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிய கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

மாட்டும்போது செய்கிற தவறுகளும் கடைக்குத்தான் திரும்பி வருகின்றன. சரிவு மரை உள்ள ஒற்றை வயர் யூனிட்டில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் எர்த் போய்விடும், ஊசி எழும்பாது. நேர் மரை உள்ளதற்கு வாஷர்தான் தண்ணீரைத் தடுக்கிறது. பழைய வாஷரையே போட்டால் கசியும். முனை நீளமாக இருந்தால் உள்ளே போய் முட்டும், குட்டையாக இருந்தால் ஓடும் தண்ணீரை எட்டாது. அலுமினிய ஹவுசிங்கில் பலம் காட்டித் திருகினால் மரையே உரிந்து வரும்.

வாய் வார்த்தையும் பில்லும்

"இதையே போடுங்க, நான் சொல்றேன்" என்று கடைக்காரர் சொல்வது நம் ஊரில் மரியாதையான வார்த்தை. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வார்த்தைக்கு வேறு எடை கொடுத்திருக்கிறது. பொருளால் ஏற்பட்ட சேதத்துக்குத் தயாரித்தவர் மட்டுமே பொறுப்பு என்பது அதில் இல்லை. 86-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் தராத உறுதியை விற்பவர் தாமாகத் தந்து, பொருள் அதன்படி அமையாமல் கேடு நேர்ந்தால் விற்பவரும் பொறுப்பாகலாம். பொருளை மாற்றியமைத்து விற்று, அந்த மாற்றமே கேட்டுக்குப் பெரிய காரணமானாலும் அப்படியே. தயாரித்தவர் யார் என்றே தெரியாத சரக்கை விற்றாலும் பொறுப்பு விற்றவர் தலையில் விழக்கூடும். பிழைப்புக்காகத் தானே வேன் ஓட்டுகிறவர் நுகர்வோர் அல்ல என்றும் தள்ளிவிட முடியாது. சுயதொழிலாகப் பிழைப்பு நடத்த வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. பெயரில்லாத பாலிதீன் பையில் வரும் சென்சாரை மலிவு என்று வாங்கி அடுக்குவோர் இதை யோசிக்க வேண்டும்.

நம் கடையில் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறோம். பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சென்சார்களை வண்டிப் பெயர் வாரியாக அடுக்குவதை விட்டுவிட்டோம். ஊசிக்குரியது, ஃபேனுக்குரியது, பெட்டிக்குரியது என்று மூன்று தட்டு; அதற்குள் பாக நம்பர் வரிசை. பில்லில் "ஹீட் சென்சார் 1" என்று எழுதுவதில்லை. பாக நம்பர், வண்டி மாடல், தயாரான மாதம், ஆண்டு எல்லாம் எழுதுகிறோம். ஆண்டு தெரியாது என்று வாடிக்கையாளர் சொன்னால் அதையும் பில்லில் எழுதிவிடுகிறோம். புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய சென்சார் கேட்டால் கொடுப்பதில்லை. கழற்றிய வண்டி எது என்று யாருக்கும் தெரியாத சாமான் அது.

திருப்பி எடுப்பது பற்றி வியாபாரிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எலக்ட்ரிக் சாமான் விற்றால் திருப்பி எடுப்பதில்லை என்பது பல மொத்தக் கடைகளின் நிபந்தனை. கருகிய சாமானை மாற்றித் தரச் சொல்லி வருவதைத் தடுக்க அது தேவையாகத்தான் இருந்தது. ஆனால் சென்சாரில் அந்த நிபந்தனை தீங்கு செய்கிறது என்பது நம் கருத்து. தவறான சரக்கு வந்துவிட்டது என்று தெரிந்தும் திருப்ப வழியில்லாத சில்லறைக் கடைக்காரர் அதை எந்த வண்டியிலாவது ஏற்றிவிடத்தான் பார்ப்பார். மரையில் கீறல் இல்லாமல், கப்ளர் சொருகிய தடம் இல்லாமல், டப்பாவோடு ஏழு நாளுக்குள் வந்தால் நாம் எடுத்துக்கொள்கிறோம். இதனால் பெரிய நஷ்டம் எதுவும் ஏற்படவில்லை.

அந்தத் திருச்சுழித் தம்பி இப்போது கடையில் ஒரு மல்டிமீட்டரும் ஃபிளாஸ்க்கும் வைத்திருக்கிறார். போன மாதம் அவர் அனுப்பிய ஆர்டர் சீட்டில் ஒவ்வொரு சென்சாருக்கும் நேராக வயர் எத்தனை, எதற்கு, எந்த வருடம் என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு உருப்படியில் இரண்டுக்கு வருடம் எழுதவில்லை. அந்த இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டு, போனில் கேட்ட பிறகே பார்சலில் போட்டோம்.